ஒலிபெருக்கிகளில் வானொலி அலைக் குறுக்கீடு

ஒலிபெருக்கிகளில் வானொலி அலைக் குறுக்கீடு என்பது, அருகிலுள்ள அலைபரப்பி ஒன்றின் வானொலி அலைகள் வீட்டு ஒலிக்கருவிகளுக்குள் புகுந்து, அவற்றின் ஒலிபெருக்கிகளில் பேச்சாகவோ இரைச்சலாகவோ கேட்பதைக் குறிக்கும். கணினி ஒலிபெருக்கிகள், வீட்டுத் திரையரங்குத் தொகுதிகள், மின்னணு இசைப்பலகைகள், கம்பிவழித் தொலைபேசிகள் ஆகியவை இதனால் பாதிக்கப்படுகின்றன. அலைபரப்பி எவ்விதப் பழுதுமின்றி, தனக்கு ஒதுக்கப்பட்ட அதிர்வெண்ணில் மட்டும் இயங்கும்போதும் இக்குறுக்கீடு ஏற்படக்கூடும். எனவே, பெரும்பாலான நேர்வுகளில் இதற்கான தீர்வு ஒலிக்கருவியிலேயே செய்யப்பட வேண்டியுள்ளது.

வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் 27 மெகாஹேர்ட்சு பட்டையில் இயங்கும் குடிமக்கள் வானொலிச் சேவை 1958 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 1970களில் அது பெருமளவில் பரவியது. 1977 சனவரி 1 முதல் அதன் தடங்கள் 23 இலிருந்து 40 ஆக உயர்த்தப்பட்டன. அதே காலத்தில் திரிதடையங்களைக் கொண்ட ஒலிமிகைப்பிகளும் வீடுகளில் பரவியிருந்தன. இவ்விரண்டும் அருகருகே அமைந்ததால், அயலவர் பேசுவது தம் ஒலிபெருக்கியில் கேட்கிறது என்ற முறைப்பாடுகள் பெருகின. குடிமக்கள் வானொலியைப் போலவே அமெச்சூர் வானொலி நிலையங்களும் இத்தகைய முறைப்பாடுகளுக்கு உள்ளாயின.

பின்னாளில் கையடக்கத் தொலைபேசிகள் இச்சிக்கலை வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்தன. இரண்டாம் தலைமுறைத் தொலைபேசி ஒன்றைக் கணினி ஒலிபெருக்கியின் அருகில் வைக்கும்போது, அழைப்பு வருவதற்குச் சற்று முன்பாகக் கேட்கும் "டிட்-டிட்-டிட்" ஒலி இதற்குப் பலரும் அறிந்த எடுத்துக்காட்டாகும்.

குறுக்கீடு ஏற்படும் விதம்

குறுக்கீடு ஏற்பட இரண்டு நிகழ்வுகள் தேவை. முதலாவது, கருவியுடன் இணைந்துள்ள கம்பி ஆன்டெனாவைப் போலச் செயற்பட்டு அலையை வாங்குதல். இரண்டாவது, கருவியின் உள்ளேயுள்ள குறைகடத்தி அந்த அலையிலிருந்து கேட்கக்கூடிய ஒலியைப் பிரித்தெடுத்தல்.

ஒரு கம்பியின் நீளம் அலைநீளத்தின் காற்பங்கு அல்லது அரைப்பங்கை நெருங்கும்போது அது அலையை நன்கு வாங்கும். 28 மெகாஹேர்ட்சு அலையின் காற்பங்கு நீளம் ஏறத்தாழ 2.7 மீட்டர் ஆகும். அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குச் செல்லும் ஒலிபெருக்கிக் கம்பியின் நீளமும் இந்த அளவே. 900 மெகாஹேர்ட்சு அலைக்குக் காற்பங்கு நீளம் 8 சென்டிமீட்டர் மட்டுமே என்பதால், கருவியின் உள்ளேயுள்ள சிறு கம்பிகளும் மின்சுற்றுப் பலகையின் தடங்களும்கூட ஆன்டெனாவாகிவிடுகின்றன.

ஒலிபெருக்கி தானாக இவ்வலைகளை ஒலியாக்குவதில்லை. அதன் கூம்பும் சுருளும் நொடிக்குப் பல மில்லியன் முறை அதிர இயலாதவை. மிகைப்பியில் உள்ள திரிதடையங்களின் சந்திகள் நேரிலாப் பண்பு உடையவை. அவற்றில் வலுவான வானொலி அலை பட்டதும் அலைதிருத்தம் நிகழ்ந்து, அலையின் வீச்சு மாற்றங்கள் கேள் அலைகளாக வெளிப்படுகின்றன. பழைய படிக வானொலி வாங்கி இயங்கிய விதமும் இதுவே. ஒலிபெருக்கிக் கம்பி மிகைப்பியின் வெளியீட்டில் இணைந்திருந்தாலும், அங்கு நுழையும் அலை எதிர்ப் பின்னூட்டச் சுற்றின் வழியாக உள்ளீட்டுப் படிநிலைக்குச் சென்று அங்கே அலைதிருத்தம் பெறக்கூடும்.

சிறிய அலைகளுக்கு இந்த அலைதிருத்தம் இருபடி விதியைப் பின்பற்றுகிறது. அதாவது, உட்புகும் வானொலி மின்னழுத்தத்தைப் பாதியாகக் குறைத்தால், வெளிப்படும் கேள் மின்னழுத்தம் காற்பங்காகக் குறையும். எளிய தடுப்பு முறைகள்கூடக் கணிசமான பயன் தருவதற்கு இதுவே காரணம்.

ஒலியைக் கொண்டு இனங்காணல்

கேட்கும் ஒலியின் தன்மையிலிருந்து அலைபரப்பியின் வகையைப் பெரும்பாலும் ஊகிக்கலாம்.

* வீச்சுப் பண்பேற்றம்: பேச்சும் இசையும் தெளிவாகக் கேட்கும். மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களும் குடிமக்கள் வானொலியும் இவ்வகையின.
* ஒற்றைப் பக்கப்பட்டை: பேச்சின் ஏற்ற இறக்கம் தெரியும்; சொற்கள் புரியா. அமெச்சூர் வானொலியில் இது பெருவழக்கு.
* அதிர்வெண் பண்பேற்றம்: அலையின் வீச்சு மாறாதிருப்பதால் பேச்சு கேட்பதில்லை. அலைபரப்பியை இயக்கும்போதும் நிறுத்தும்போதும் "டக்" என்ற ஒலியோ, இசையின் ஒலியளவு குறைவதோ ஏற்படலாம்.
* இரண்டாம் தலைமுறைக் கையடக்கத் தொலைபேசி: தொலைபேசி தனக்குரிய நேரத்துண்டில் மட்டும் அலைபரப்புகிறது. இது நொடிக்கு ஏறத்தாழ 217 முறை நிகழ்வதால் அந்த அதிர்வெண்ணில் ரீங்காரம் கேட்கிறது. தொடர்ச்சியாக அலைபரப்பும் மூன்றாம் தலைமுறைத் தொலைபேசிகளில் பொதுவாக இவ்வொலி எழுவதில்லை. சிங்கப்பூரில் 2017 ஏப்பிரலில் இரண்டாம் தலைமுறைச் சேவை நிறுத்தப்பட்டது.

நுழைவழியைக் கண்டறிதல்

அலை எந்தக் கம்பியின் வழியாக நுழைகிறது என்பதை அறியாமல் செய்யப்படும் தடுப்பு பெரும்பாலும் பயனளிப்பதில்லை. குறுக்கீடு கேட்கும் நேரத்தில் பின்வரும் சோதனைகளை முறையாகச் செய்ய வேண்டும். அலைபரப்பியை இயக்குபவர் ஒத்துழைத்தால் இப்பணி எளிதாகும்.

1. ஒலியளவுக் குமிழைத் திருகிப் பார்க்கவும். குறுக்கீட்டின் அளவும் சேர்ந்து மாறினால், அலை குமிழுக்கு முந்தைய பகுதியில் நுழைகிறது. மாறாவிட்டால், குமிழுக்குப் பிந்தைய பகுதியில், பெரும்பாலும் ஒலிபெருக்கிக் கம்பி வழியாக நுழைகிறது.
2. கருவியை அணைத்துவிட்டு உள்ளீட்டு வடங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒவ்வொரு முறையும் மீண்டும் இயக்கிப் பார்க்கவும். எந்த வடத்தை நீக்கியதும் குறுக்கீடு மறைகிறதோ, அதுவே நுழைவழி.
3. ஒலிபெருக்கிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, குட்டையான கம்பியுடைய தலையணிக் கேட்பியை இணைத்துக் கேட்கவும். குறுக்கீடு மறைந்தால் ஒலிபெருக்கிக் கம்பிகளே காரணம்.
4. கருவி மின்கலத்திலும் இயங்கக்கூடியதாயின், மின் வடத்தைக் கழற்றிவிட்டு இயக்கிப் பார்க்கவும்.

எல்லாக் கம்பிகளையும் நீக்கிய பின்னரும் குறுக்கீடு தொடர்ந்தால், அலை கருவியின் கூட்டினூடாக நேரடியாகவே புகுகிறது எனக் கொள்ளலாம்.

தடுக்கும் முறைகள்

இடமும் கம்பியின் நீளமும்

தேவைக்கு மிகுந்த கம்பியைக் குறைத்தல் முதல் முறையாகும். ஒலிபெருக்கிக்கு இணையாக ஓடும் இரு கம்பிகளுக்குப் பதிலாக, ஒன்றுடன் ஒன்று முறுக்கப்பட்ட இணைக் கம்பியைப் பயன்படுத்தலாம். கையடக்கத் தொலைபேசியால் ஏற்படும் ஒலியை, தொலைபேசியை ஓரிரு மீட்டர் தள்ளி வைப்பதாலேயே பெரும்பாலும் நீக்கிவிடலாம்.

ஃபெரைட்டு வளையங்கள்

வடத்தின் கம்பிகள் அனைத்திலும் ஒரே திசையில் பாயும் வானொலி மின்னோட்டமே பெரும்பாலான குறுக்கீடுகளுக்குக் காரணம். வடம் முழுவதையும் ஃபெரைட்டு வளையம் ஒன்றின் வழியாகச் சுற்றினால், இந்த மின்னோட்டத்துக்கு மட்டும் உயர்ந்த மின்மறுப்பு ஏற்படும். கேள் மின்னோட்டம் ஒரு கம்பியில் சென்று மறு கம்பியில் திரும்புவதால், அதன் காந்த விளைவுகள் ஒன்றையொன்று நீக்கிவிடும். எனவே ஒலியின் தரம் பாதிக்கப்படுவதில்லை.

மின்மறுப்பு ஏறத்தாழச் சுற்றுகளின் எண்ணிக்கையின் இருபடிக்கேற்ப உயரும். எனவே 30 மெகாஹேர்ட்சுக்குக் குறைந்த அலைகளுக்கு வடத்தில் மாட்டப்படும் ஒற்றைக் கவ்வி போதாது; பெரிய வளையத்தில் 7 முதல் 10 சுற்றுகள் தேவைப்படலாம். கையடக்கத் தொலைபேசி அலைகளுக்கு ஒரு கவ்வியே போதுமானதாக இருக்கலாம். வளையத்தை மிகைப்பிக்கு மிக அருகில் பொருத்த வேண்டும். தொலைவில் பொருத்தினால் இடைப்பட்ட கம்பி மீண்டும் ஆன்டெனாவாகிவிடும். மின்வழங்கிகளில் பயன்படும் இரும்புத்தூள் வளையங்கள் தோற்றத்தில் ஒத்திருப்பினும் இதற்கு ஏற்றவையல்ல.

மின்தேக்கிகள்

உள்ளீட்டு முனைகளில் 0.001 மைக்ரோபரட்டு அளவிலான பீங்கான் மின்தேக்கியை இணைத்து வானொலி அலையைத் திசைதிருப்புவதும் உண்டு. ஆனால் மிகைப்பியின் வெளியீட்டில் மின்தேக்கியை இணைப்பது இடர் மிக்கது. சில மிகைப்பிகள் அதனால் அலைவுறத் தொடங்கித் தம்மையே சேதப்படுத்திக்கொள்ளும். எனவே முதலில் ஃபெரைட்டு வளையத்தை முயல்வதே நன்று.

கவச வடங்கள்

உள்ளீட்டு வடங்களுக்குக் கவசமுள்ள வடம் ஏற்றது. ஆயினும் கவசம் எங்கே இணைக்கப்படுகிறது என்பது முக்கியமானது. கவசத்தைக் கருவியின் உலோகக் கூட்டுடன் இணைக்காமல் உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையுடன் இணைத்தால், கவசத்தில் பாயும் வானொலி மின்னோட்டம் நேரே மின்சுற்றுக்குள் செல்லும். ஒலிப் பொறியாளர் நீல் மன்சி 1995 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இக்குறைபாட்டை விளக்கினார். இது "முதல் முள் சிக்கல்" என அழைக்கப்படுகிறது.

பாதுகாப்பு

மின் வடத்தைக் கழற்றிய பின்னரும் மிகைப்பியின் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கலாம். ஆகவே கருவியின் உள்ளே செய்யும் மாற்றங்களைத் தகுதிபெற்ற தொழில்நுட்பரிடம் விட வேண்டும். குறுக்கீட்டைக் குறைப்பதாக எண்ணி மின்செருகியின் புவி இணைப்பைத் துண்டிப்பது உயிராபத்தை விளைவிக்கும். மின் வடத்தை வெட்டாமல், அதனை அப்படியே ஃபெரைட்டு வளையத்தில் சுற்றலாம்.

பொறுப்பும் சட்டமும்

இக்குறுக்கீடு அயலவர்களிடையே பிணக்கை ஏற்படுத்துவது வழக்கம். ஒலிபெருக்கியின் உரிமையாளர் அலைபரப்பியைக் குறைகூறுவார். அலைபரப்பியை இயக்குபவரோ தம் உரிமத்தைக் காட்டுவார். அலைபரப்பி ஒதுக்கப்படாத அதிர்வெண்களிலும் அலைகளை வெளியிட்டால், அதைச் சீர்செய்வது இயக்குபவரின் பொறுப்பாகும். வானொலி வாங்கியாக வடிவமைக்கப்படாத கருவி, முறையான அலையை வாங்கி ஒலித்தால் அது கருவியின் குறைபாடாகவே கருதப்படுகிறது.

ஐக்கிய அமெரிக்காவில் 1982 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, வீட்டு மின்னணுக் கருவிகள் குறுக்கீட்டைத் தாங்கும் திறனுக்குத் தரம் விதிக்கும் அதிகாரத்தைக் கூட்டாட்சித் தொடர்பு ஆணையத்துக்கு வழங்கியது. ஐரோப்பாவில் மின்காந்த ஒத்திசைவு பற்றிய பணிப்புரை 1989 இல் வெளியிடப்பட்டு, 1996 சனவரி 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. அங்கு வீட்டுச் சூழலுக்கான பொதுத் தரம், 80 மெகாஹேர்ட்சுக்கு மேற்பட்ட அலைகளுக்கு மீட்டருக்கு 3 வோல்ட்டு மின்புலத்தில் கருவியைச் சோதிக்கிறது. அதற்குக் குறைந்த அலைகளுக்கு, வடங்களில் 3 வோல்ட்டு செலுத்திச் சோதிக்கிறது.

தடையற்ற வெளியில், 100 வாட்டு திறனுடன் இயங்கும் எளிய இருமுனை ஆன்டெனா 10 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு ஏறத்தாழ 7 வோல்ட்டு மின்புலத்தையும், 20 மீட்டரில் அதில் பாதியையும் உண்டாக்கும். சோதனையில் தேறிய கருவியும் நெருங்கிய அயலில் பாதிக்கப்படக்கூடும் என்பது இதிலிருந்து விளங்கும். ஆன்டெனாவை உயர்த்தி வீடுகளிலிருந்து விலக்குவதும், தேவைக்கு மேற்பட்ட திறனைத் தவிர்ப்பதும் அலைபரப்புபவர் செய்யக்கூடியவை. திறனை நான்கில் ஒரு பங்காக்கினால் மின்புலம் பாதியாகும். இரு தரப்பினரும் சேர்ந்து சோதித்துப் பார்க்கும்போது, ஒரு ஃபெரைட்டு வளையத்துடனேயே பல பிணக்குகள் முடிவுக்கு வருகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

* மின்காந்தக் குறுக்கீடு
* அமெச்சூர் வானொலி
* ஒலிபெருக்கி
* படிக வானொலி வாங்கி