17296: நேசம் பூண்ட ஓர் எண்

கணித வரலாற்று நூல்கள் பலவற்றில் 17296 என்னும் எண் பிரெஞ்சுப் பேரறிஞர் பெர்மாவின் பெயரோடு சேர்த்தே நெடுங்காலம் பேசப்பட்டது. 18416 என்னும் எண்ணோடு அதற்குள்ள உறவை அவர் 1636இல் வெளியிட்டார். அதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்வுறவு அரபு ஏடுகளில் பதிவாகியிருந்தது.

உறவு யாது? ஓர் எண்ணை மீதியின்றி வகுக்கும் எண்களை, அவ்வெண்ணை மட்டும் விட்டுவிட்டுக் கூட்டினால் இன்னோர் எண் வருகிறது. அந்த எண்ணின் வகுஎண்களை அவ்வாறே கூட்டினால் முதல் எண் திரும்புகிறது. இத்தகைய இணைகளை அரபு அறிஞர்கள் 'அல்அஃதாதுல் முதஹாப்பா' என்றனர். ஒன்றையொன்று நேசிக்கும் எண்கள் என்பது பொருள். 220, 284 என்னும் சிறிய இணையைப் பண்டைக் கிரேக்கரும் அறிவர். 284ஐ வகுக்கும் 1, 2, 4, 71, 142 ஆகியவற்றைக் கூட்டிப் பாருங்கள், 220 வரும். தாயத்துக் கலையினர் இவ்விணையைக் கைக்கொண்டதை இப்னு கல்தூன் தம் முகத்திமாவில் குறிப்பிடுகிறார். நாம் தாயத்தை விட்டுக் கணக்கிற்கு வருவோம்.

இவற்றைக் காண விதி வகுத்தவர் ஸாபித் இப்னு குர்ரா (மறைவு: கி.பி. 901). ஹர்ரானைச் சேர்ந்த இவர் முஸ்லிமல்லர், ஸாபியீ சமயத்தவர். கலீஃபாக்களின் பக்தாத் அவரை ஏற்றுப் போற்றியது. அவர் விதியை 16ஐக் கொண்டு விளக்கலாம். 16ஐ மூன்றால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 47. அதில் பாதியான 8ஐ அவ்வாறே செய்தால் 23. 16ஐயும் 8ஐயும் பெருக்கி, ஒன்பதால் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் 1151. மூன்றும் பகா எண்கள். எனவே 16×23×47 = 17296; 16×1151 = 18416. இரண்டின் வகுஎண்களையும், அந்தந்த எண்ணையும் சேர்த்தே கூட்டினாலும், வருவது ஒரே தொகை: 35712. காரணம் எளிது. 24ஐ 48ஆல் பெருக்கினால் 1152. அது 1151ஐவிட ஒன்று கூடுதல். இந்த ஒன்றில்தான் நேசத்தின் இரகசியம் அடங்கியிருக்கிறது.

எல்லா எண்ணும் இப்படி இணங்குவதில்லை. 8ஐ எடுத்தால் 23, 11, 287 கிடைக்கின்றன. 287 என்பது 7×41, பகா எண்ணன்று. இணை கைகூடாமற் போகிறது.

ஸாபித்தின் விதிக்குப் புதியதொரு நிரூபணம் தந்து 17296இன் இணையை எழுதியவர் பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்பார்ஸீ. வானவில்லின் காரணத்தை ஆராய்ந்த அதே அறிஞர்தாம். மராக்கிஷைச் சேர்ந்த இப்னுல் பன்னாவும் (மறைவு: கி.பி. 1321) இவ்விணையை அறிந்திருந்தார். பெர்மா இவர்களின் ஏட்டைப் பார்த்தே எழுதினார் என்பதற்குச் சான்றில்லை. அவ்வாறு பழிசுமத்துவது நீதியுமன்று. முதலில் கண்டோர் பெயரை முதலில் சொல்லுங்கள் என்பதே நம் வேண்டுகோள்.

9363584, 9437056 என்னும் பேரிணைக்கும் இதே கதைதான். டெக்கார்ட் 1638இல் அறிவித்த அதனை ஈரானின் முஹம்மது பாகிர் யஸ்தீயும் அந்நூற்றாண்டிலேயே கண்டிருந்தார். அதற்கப்பால் ஸாபித்தின் விதி இன்றுவரை வேறோர் இணையைத் தந்ததில்லை.