பிள்ளைகளின் கையில் பணத்தை ஒப்படைக்கும் முன்...

திருக்குர்ஆனின் 4:6 வசனம் அநாதைகளின் சொத்தைப் பற்றிப் பேசுகிறது. திருமண வயதை அடையும் வரை அவர்களைச் சோதித்து வர வேண்டும். பக்குவம் தெரிந்தால் அவர்களுடைய பொருளை அவர்களிடமே ஒப்படைக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வயது வந்தால் மட்டும் போதாது; பணத்தைக் கையாளும் பக்குவமும் வேண்டும். அரபியில் இதை 'ருஷ்து' என்பார்கள். சட்டம் அநாதைகளுக்காக இறங்கியது என்றாலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதில் வழி இருக்கிறது.

எப்படிச் சோதிப்பது? இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' என்ற ஷாஃபிஈ சட்ட நூல் விளக்கம் தருகிறது. வியாபாரியின் மகனை வாங்கல் விற்றலிலும் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனைச் சாகுபடியிலும் வேலையாட்களுக்குச் செலவு செய்வதிலும். பெண் பிள்ளை என்றால் நூல், பஞ்சு வேலையோடு, உணவைப் பூனையிடமிருந்து காப்பாற்றுவதிலும்! சிரிப்பு வரலாம், அன்றைய வீட்டில் அதுவும் சிக்கனம்தான். சோதனை ஒருமுறை போதாது, இரண்டு முறையோ அதற்கு மேலோ நடக்க வேண்டும் என்றும் அந்நூல் நிபந்தனை இடுகிறது.

நம் வீடுகளில் நடப்பது என்ன? அத்தா வளைகுடாவில் உழைக்கிறார். மாதம் எவ்வளவு வருகிறது, கடனுக்கு எவ்வளவு போகிறது என்பது 16 வயது மகனுக்குத் தெரியாது. கேட்டது கிடைக்கிறது. சில வீடுகளில் நேர்மாறாக, பத்து ரூபாய்கூடக் கையில் தருவதில்லை. இரண்டு இடத்திலும் சோதனை நடக்கவில்லை. வேலைக்குப் போன முதல் மாதமே கிரெடிட் கார்டு, தவணையில் போன், தவணை தவறினால் வட்டி.

மாதத்துக்கு ஒரு தொகையைக் கொடுத்துவிடுங்கள். ரீசார்ஜ், பஸ், நோட்டு, தின்பண்டம், சதகா எல்லாம் அதற்குள். 20ஆம் தேதியே தீர்ந்துவிட்டால் மறுபடி கொடுக்காதீர்கள் (உம்மாமார்களுக்கு இதுதான் சிரமம்). தங்கையிடம் கடன் வாங்கினால் எழுதி வைக்கச் சொல்லுங்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனமான 2:282 கடனை எழுதுவதைப் பற்றியதுதான். 10 வயது நிரம்பியவர்கள் தாங்களே சேமிப்புக் கணக்கை இயக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அந்தக் கணக்கில் சேரும் வட்டி ஏன் நமக்கானது அல்ல என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. 5:90 வசனம் சூதாட்டத்தை என்றோ விலக்கிவிட்டது.

மனநிறைவு தனிப் பாடம். செல்வம் என்பது பொருட்களின் மிகுதியல்ல, மனம் நிறைந்திருப்பதே என்று நபி (ஸல்) அவர்கள் கூறியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வசதியில் நமக்குக் கீழே இருப்பவர்களைப் பார்க்கும்படியும் சொன்னார்கள். போனைத் திறந்தால் பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் மேலே இருப்பவர்களை! 'இது இப்போது நமக்கு வேண்டாம்' என்று பெற்றோர் காரணத்தோடு பேசிக்கொள்வது அவர்கள் காதில் விழட்டும். கஞ்சத்தனம் அல்ல இது. 17:29 வசனம் கையை இறுக்குவதையும் முழுக்க விரிப்பதையும் சேர்த்தே தடுக்கிறது.

பிள்ளையின் பெயரில் பெருந்தொகை சேர்ந்திருந்தால் ஜகாத் கேள்வி வரும். ஷாஃபிஈ மத்ஹபில் பொறுப்பாளர் அந்தப் பணத்திலிருந்தே ஜகாத் கொடுக்க வேண்டும். ஹனஃபி மத்ஹபில் பருவமடையும் வரை கடமையில்லை. ஆலிமிடம் கேட்கப் போகும்போது பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.