தரையைத் துடைத்தது யார்?

மகளுக்கு ஒரு வயது எட்டு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், நெய் விட்டுப் பிசைந்த பருப்புச் சாதத்தைக் கிண்ணத்தோடு கவிழ்த்து, இரண்டு கையாலும் அளைந்து தலையில் தேய்த்துக்கொண்டாள். மிச்சத்தை என் லேப்டாப்பின் கீபோர்டுக்கு ஊட்டினாள். நான் செய்த முதல் காரியம் போனை எடுத்துப் படம் பிடித்தது. இரண்டாவது காரியம், படத்துக்குக் கீழே ‘புறநானூறு 188’ என்று எழுதிப் பதிவிட்டது. சிவப்பு இதயங்கள் கொட்டின.

பாண்டியன் அறிவுடைநம்பி பாடியது அது. பலரோடு உட்கார்ந்து உண்ணுமளவு செல்வம் இருந்தால் என்ன, தத்தித் தத்தி வந்து, கலத்துக்குள் கையை விட்டு, கலைத்து, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் அப்பிக்கொள்ளும் குழந்தை இல்லாவிட்டால் வாழ்ந்ததற்குப் பயனில்லை என்கிறான். (குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்த நண்பர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், நல்லா வாங்கிக் கட்டிக்கொள்ளலாம்.) முடிவுரையை விடுங்கள். அந்தக் கை எங்கெங்கே போகிறது என்று ஒவ்வொரு அசைவாகச் சொல்லிக்கொண்டே போகிறானே, அது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனால்தான் முடியும்.

இதையெல்லாம் மனைவியிடம் உற்சாகமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் முட்டி போட்டு ஈரத்துணியால் டைல்ஸ் இடுக்கில் இருந்த பருப்பை வழித்துக்கொண்டிருந்தாள்.

“ராஜா பார்த்தான், பாட்டு எழுதினான். சரி. தரையைத் துடைச்சது யாரு?”

என்னிடம் பதில் இல்லை. பாட்டிலும் இல்லை.

நான் மென்பொருள்காரன். கோளாறு என்றால் முதலில் லாக்கைத் திறந்து பார்க்கிற சாதி. யார், எப்போது, என்ன செய்தார் என்று அதில் இருக்கும். தமிழில் குழந்தை வளர்ப்புக்கு அப்படி ஒன்று உண்டென்றால் அது பிள்ளைத்தமிழாகத்தான் இருக்க வேண்டும். தனி நூலாகக் கிடைப்பவற்றில் பழையது 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். மொத்தம் பத்துப் பருவங்கள். 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதத்துக்கு ஒரு பருவம் என்று பாட்டியல் நூல்கள் கணக்கு வைத்திருக்கின்றன. இரண்டு கைகளையும் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை, கை கொட்டுவது சப்பாணி, தளர்நடை போட்டு வருவது வருகை. என் போனில் இருக்கும் குழந்தை வளர்ச்சி ஆப்பும் இதைத்தான் செய்கிறது. ஒட்டக்கூத்தர் யாருக்கும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை அனுப்பவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பெண்பால் பிள்ளைத்தமிழ் ஊசலில் முடியும். அந்தக் கணக்குப்படி என் மகளுக்கு அடுத்த மாதம்தான் ஊஞ்சல் பருவம். அவளோ போன வாரமே மாமனார் வீட்டு ஊஞ்சலிலிருந்து குதித்து உதட்டைக் கிழித்துக்கொண்டாயிற்று.

எனக்குப் பிடித்தது அம்புலிப் பருவம். குழந்தையோடு விளையாட வா என்று நிலாவைக் கூப்பிட வேண்டும். சாமம், தானம், பேதம், தண்டம் என்று அரசியலுக்கு வகுத்த நான்கு உபாயங்களையும் புலவர் நிலாவிடம் பிரயோகிக்கிறார். நீயும் இவனும் ஒன்றுதான் என்று குழைவார், உன் குறை தீரும் என்று ஆசை காட்டுவார், நீ எங்கே இவன் எங்கே என்று மட்டம் தட்டுவார், கடைசியில் வராவிட்டால் நடப்பதே வேறு என்பார். ஒரு இட்லியை உள்ளே தள்ள எங்கள் வீட்டில் தினமும் நடக்கும் பேச்சுவார்த்தையும் இந்த வரிசையில்தான் போகிறது. நிலா வருவதில்லை. இட்லியும் போவதில்லை.

ஆனால் பிள்ளைத்தமிழ்க் குழந்தை ராஜாவாகவோ தெய்வமாகவோ இருப்பதால் அதற்குச் சளி பிடிக்காது. ராத்திரி மூன்று மணிக்கு யாரும் அதைத் தோளில் போட்டு நடப்பதில்லை. மதுரை மீனாட்சிக்கு அத்தனை அழகான பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர் ஒரு துறவி. நியாயம்தான்.

நான் தேடியது அதற்கும் முன்னால், பெரியாழ்வாரிடம் இருந்தது. பிள்ளைத்தமிழுக்கு விதை போட்டவர் என்று அவரைச் சொல்வார்கள். பக்தியை ஒரு நிமிடம் தள்ளி வைத்துவிட்டு, ஒரு வீட்டில் நடந்ததாக மட்டும் அவருடைய யசோதையைக் கேட்டுப் பாருங்கள். தொட்டிலில் போட்டால் கிழிகிற மாதிரி உதைக்கிறான், இடுப்பில் வைத்தால் இடுப்பை முறிக்கிறான், இறுக்கி அணைத்தால் வயிற்றிலேயே பாய்கிறான், எனக்குத் தெம்பில்லை, இளைத்துப்போனேன் என்று இன்னொரு பெண்ணிடம் முறையிடுகிறாள். வெண்ணெயும் புழுதியுமாக நிற்கிறவனைக் குளிப்பாட்ட எண்ணெயும் புளியும் எடுத்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது என்று வேறொரு இடத்தில் அலுத்துக்கொள்கிறாள். அங்கேயும் லஞ்சம் உண்டு, அப்பம்.

துளசிச் செடிக்கு அடியில் கிடைத்த பெண் குழந்தையை எடுத்து வளர்த்தவர் பெரியாழ்வார் என்கிறது மரபு. அதை வரலாறாக நிரூபிக்க முடியாது. ஆனாலும் அந்த இடுப்பு வலியைப் படிக்கும்போது எனக்கு நம்பத் தோன்றுகிறது.

அன்றிரவு குழந்தை தூங்கிய பிறகு அந்தப் பாட்டை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

“இன்னொரு தடவை படிங்க” என்றாள்.

படித்தேன்.

“ஆறு மாசமா நானும் இதைத்தானே சொல்லிட்டிருக்கேன்.”

ஆமாம், சொல்லிக்கொண்டிருந்தாள். ‘டாக்டரைப் போய்ப் பாரேன்’ என்று நானும் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல். ஒரு நாள் கூட லீவு போட்டுக் கூட்டிப்போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் ஈரத்துணி பிடித்த கை ஒன்று பாதி தெரிந்தது. பதிவிடுவதற்கு முன்னால் அதை வெட்டியிருந்தேன்.

டாக்டர் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். பதினோரு கிலோ கனம் இப்போது என் பொறுப்பு. இதை எழுதுகிற சனிக்கிழமை காலை, உள்ளங்கையில் நல்லெண்ணெயோடு முக்கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். இடது கை ஒரு விரலால் டைப் அடிக்கிறது. மகள் கட்டிலுக்கு அடியில். சாமம், தானம், பேதம் மூன்றும் முடிந்தாயிற்று.

வெந்நீர்ப் பையை இடுப்புக்குக் கொடுத்தபடி சோபாவிலிருந்து மனைவி கேட்கிறாள்: “அப்பம் சுட்டு வச்சீங்களா?”

இல்லை. மாவு கூட இன்னும் கரைக்கவில்லை.