உளவியல் இளநிலைப் பட்டப்படிப்பு: புதுக்கோட்டை மாவட்டம்

உளவியல் இளநிலைப் பட்டப்படிப்பு மூன்று ஆண்டுகள், ஆறு பருவங்கள் கொண்டது. மனிதர் ஏன் இப்படி நடந்துகொள்கிறார், எப்படிக் கற்கிறார், எதை மறக்கிறார் என்பவற்றைச் சோதித்தும் அளந்தும் ஆராய்கிற படிப்பு இது. கல்லூரியைப் பொறுத்து பி.எஸ்சி. அல்லது பி.ஏ. பட்டம் கிடைக்கும். பேச்சில் எல்லாருக்கும் இது 'சைக்காலஜி'தான். பழைய நூல்களில் உளநூல், மனநூல் என்ற பெயர்களையும் காணலாம்.

1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமான புதுக்கோட்டையின் கலை அறிவியல் கல்லூரிகள் திருச்சியிலுள்ள பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வருகின்றன. மாநிலப் பாடத்திட்டப் பிளஸ் டூவில் உளவியல் இல்லை. ஆகவே இம்மாவட்டத்தில் பாவ்லோவின் நாயையும் பியாஜேயின் வளர்ச்சிப் படிநிலைகளையும் அறிந்தவர் யாரென்று தேடினால், பெரும்பாலும் ஒரு பி.எட். பட்டதாரியைத்தான் சந்திக்க நேரும். ஆசிரியர் தகுதித் தேர்வின் 150 மதிப்பெண்ணில் 30 குழந்தை வளர்ச்சிக்கும் கற்பித்தலுக்கும் உரியது. அந்த முப்பதுக்காக மனப்பாடம் செய்த உளவியலே இங்கே பலருக்கு முதலும் முடிவுமாக இருக்கிறது.

1879இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் வில்லெம் வுண்ட் அமைத்த ஆய்வகத்திலிருந்து இத்துறையின் நவீன வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். இந்தியாவில் கல்கத்தா பல்கலைக்கழகம் 1916இல் என். என். சென்குப்தா தலைமையில் முதல் துறையைத் திறந்தது. 1924இல் மைசூரில் எம். வி. கோபாலசாமி துறை தொடங்கினார். மைசூரில் தம் வீட்டிலேயே 'ஆகாசவாணி' என்ற வானொலி நிலையத்தை நடத்தியவரும் அவரே. சென்னைப் பல்கலைக்கழகத் துறை 1943இல் ஜி. டி. போவாஸ் தலைமையில் உருவானது. சென்னை மாநிலக் கல்லூரி, கோவை அரசு கலைக் கல்லூரி போன்றவற்றில் இளநிலைப் படிப்பு வேரூன்றியது. புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு இரண்டும் தூரம்.

பொது உளவியல், உடலியல் உளவியல், வளர்ச்சி உளவியல், சமூக உளவியல், பிறழ்நிலை உளவியல் ஆகியவை முக்கியப் பாடங்கள். கூடவே புள்ளியியல் வரும். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் ஒதுங்குபவர்கள் திகைத்து நிற்கும் இடம் அதுதான்.

படிப்பின் உயிர் செய்முறை வகுப்பில் இருக்கிறது. கண்ணாடி வரைதல் என்ற பழைய சோதனையைப் பாருங்கள். மேசையில் இரட்டைக் கோட்டில் அச்சிட்ட நட்சத்திரம். அதை நேராகப் பார்க்க முடியாதபடி ஒரு தடுப்பு. எதிரே நிறுத்திய கண்ணாடியில் மட்டும் அது தெரியும். இரு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். மேலே போக நினைத்தால் கை கீழே இறங்கும். திருப்பத்தில் பென்சில் நடுங்கி நின்றுவிடும். எதிரில் இருக்கும் தோழி நிறுத்துக் கடிகாரத்தில் நேரத்தையும், கோட்டைத் தொட்ட பிழைகளையும் குறித்துக்கொள்வார். இடக்கையால் பலமுறை பழகியபின் வலக்கையால் வரைந்தால், பழகாத அந்தக் கையும் முன்பைவிட வேகமாக ஓடும். ஒரு கை கற்றது மறு கைக்குப் போய்ச் சேர்ந்த கதையை ரெக்கார்டு நோட்டில் எண்களாக எழுத வேண்டும். 'நான் மனசில் என்ன நினைக்கிறேன் சொல்லு' என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

ஊரில் நிலவும் குழப்பங்களில் இன்னொன்று 'கவுன்சிலிங்'. பிளஸ் டூ முடித்த வீட்டில் அந்தச் சொல்லுக்குப் பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வு என்றே பொருள். உளவியலில் அது உளவளத்துணை. மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், அவர் எம்.பி.பி.எஸ். முடித்து மேற்படிப்பு படித்தவர். மருத்துவ உளவியலாளர் மருந்து எழுதுவதில்லை. அவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற வேண்டும். அதற்கான வாயில் பல ஆண்டுகளாக இரண்டாண்டு எம்.ஃபில். படிப்பாக இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் எம்.ஃபில். படிப்புகளை நிறுத்தியது; ஆனால் இதற்கான சேர்க்கையைப் பின்னர் 2025-26 வரை நீட்டித்தது. மூன்றாண்டுப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு பலகை மாட்டிச் சிகிச்சை தருவது இந்தப் பாதையில் எங்கும் இல்லை. சேர்க்கை விளம்பரங்கள் இதைச் சொல்லத் தயங்குகின்றன.

இத்துறைக்கு இங்கே என்ன வேலை என்பதற்கு ஒரு பேருந்து சாட்சி. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010இல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் நடமாடும் தொலை மனநலச் சேவையைத் தொடங்கியது. பேருந்துக்குள்ளேயே ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. நோயாளி திரைக்கு முன் உட்கார, சென்னையிலிருந்து மருத்துவர் பேசுவார். மருந்து இலவசமாகக் கிடைக்கும். மருத்துவர் திரையில் இருந்தாலும், நோயாளியின் வீட்டைத் தேடிப் போய் அழைத்து வந்தவர்கள் உள்ளூர்க் களப்பணியாளர்கள். அந்தக் கண்ணி இல்லாமல் பேருந்து மட்டும் எதையும் சாதித்திருக்காது.

அந்தக் கண்ணி தேவைப்படக் காரணம் மொழி. பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் விவரிக்கும் மனச்சோர்வு, ஆலங்குடிப் பக்கத்து அம்மாவிடமிருந்து 'நெஞ்சு படபடங்குது', 'சோறு இறங்கல', 'யாரோ செய்வினை வச்சுட்டாங்க' என்றே வெளிவரும். முதலில் பூசாரியிடம் மந்திரித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்கு வருவார்கள். அவர்களை ஏளனம் செய்யாமல் கேட்கத் தெரிந்த பட்டதாரி இங்கே தேவை. அளவைகளிலும் இதே சிக்கல்தான். அறிவுத்திறனை அளக்க இங்கும் பயன்படும் பினே-காமத் சோதனை, கன்னடம், மராத்தி பேசும் குழந்தைகளுக்காக வி. வி. காமத் தழுவி அமைத்தது.

வெளியூர்க் கல்லூரிக்குப் போக வசதியில்லாதவர்களுக்கு, குறிப்பாக வேலை பார்த்துக்கொண்டே படித்த ஆசிரியர்களுக்கும் மணமான பெண்களுக்கும், தொலைநிலைக் கல்வி கைகொடுத்து வந்தது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து தொலைநிலையிலும் இணையவழியிலும் உளவியல் சேர்க்கையை மானியக் குழு நிறுத்திவிட்டது. 2021ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் வரும் படிப்புகளை நேரடி வகுப்பில்தான் கற்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. ஆய்வகமே காணாமல் பட்டம் பெறுவது சரியில்லை என்பதில் நியாயம் உண்டு. ஆனால் கிராமங்களே மிகுந்த இம்மாவட்டத்தில் அது அடைத்த கதவு பெரியது. அதற்கு ஈடாக அருகிலுள்ள அரசுக் கல்லூரிகளில் துறைகள் திறக்கப்பட வேண்டும்.

சேர நினைப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போங்கள். உளவியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்; கண்ணாடி வரைதல் கருவி தூசி படிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.