வடகடற் சிறுகலங்கள்

நல்ல மீன்பிடிக் கலம் யாது என்னும் வினாவிற்கு யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஒரே விடை கிடையாது. பருத்தித்துறைக் கரையிலே கேட்டால் ஒரு விடையும், நாவாந்துறையிலே கேட்டால் வேறொரு விடையும் வரும். முன்னையது திறந்த கடல். வாடைக்காற்று வீசும் மார்கழி, தை மாதங்களில் அலை கரைமீது மோதி உடையும். பின்னையது நீரேரி, பல இடங்களில் இறங்கி நடந்தே போகலாம்.

திறந்த கடலுக்கு நம் முன்னோர் கண்ட விடை கட்டுமரம். மெல்லிய மரக்குற்றிகள் சிலவற்றைக் கயிற்றால் இறுகப் பிணைப்பர், அவ்வளவே. மேலேறிய அலை இடுக்குகளினூடே வழிந்தோடிவிடும். நீர் நிரம்புவதற்கு உள்ளிடமே இல்லாத கலம் மூழ்குவது எங்ஙனம்? கவிழ்ந்தாலும் பற்றிக்கொள்ள மரம் உண்டு. ஆயினும் அதிற் செல்பவன் நாள் முழுதும் நனைந்தே இருத்தல் வேண்டும். மரம் நீரை உறிஞ்சிப் பாரமாகும். ஆகையால் கரையேற்றி உலர்த்துவர். மீனை வைக்கவும் இடம் போதாது. இக்குறைகளைக் கூறாது கட்டுமரத்தைப் புகழ்வோர் அதில் ஏறியிராதவரே என்பது என் எண்ணம்.

1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைக் குறிப்பிட்டார். பிற்காலத்தில் மேனாட்டார் அப்பெயரை இரட்டையுடற் கலத்துக்கு இட்டனர். 1876இல் நியூயோர்க்கில் ஏனைய பாய்க்கலங்களை முந்திய ஹெரஷொப் என்பாரின் 'அமரில்லிஸ்' அத்தகையது. நம் கட்டுமரத்துக்கோ இரண்டு உடல் இல்லை. பெயர் மட்டுமே கடல் கடந்து போயிற்று.

வள்ளம் ஒற்றை மரத்தைக் குடைந்தது. இதற்கேற்ற பெருமரம் குடாநாட்டில் ஏது? மலையாளக் கரையிலே குடைந்த வள்ளங்களே முற்காலத்தில் இங்கு வந்தன. உருண்ட அடியுடையதாகையால் அது பக்கவாட்டில் ஆடும். புதியவர்க்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் அலையை அறையாது, மெல்லப் பிளந்து செல்லும். ஆழமற்ற நீரேரியிற் கோல் ஊன்றிச் செலுத்தவும் அது ஏற்றது.

1956இல் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரம் அவர்களின் முயற்சியால், 1960களின் பிற்பகுதியில் காரைநகரிலே சீநோர் நிறுவனம் தோன்றிற்று. அங்குள்ள படகுத்தளம் கண்ணாடியிழைப் படகுகளைக் கட்டலாயிற்று. உளுக்காதது, பாரமற்றது, மரத்துக்கு அயல்நாட்டை நோக்காதது. இயந்திரம் பூட்டினால் வள்ளம் அரைநாளிற் செல்லும் தூரத்தைச் சிறுபொழுதிற் கடக்கும். விரைவு கூடக் கூட அணியம் மேலெழுந்து ஒவ்வோர் அலையிலும் 'தடார்' என விழும். அந்த அடி ஓட்டுபவரின் முதுகெலும்பிலே போய்ச் சேரும். ஆடும் வள்ளம், அறையும் படகு, நனைக்கும் கட்டுமரம் என மூன்றும் உடலிடம் வெவ்வேறு வரி வாங்குகின்றன.

பழையதே நன்று என்பது என் கட்சியன்று. எனினும் கலத்தின் தரத்தை அது விரைந்தோடும்போது மட்டும் அளந்தாற் போதாது. இயந்திரம் ஓய்ந்தபோதும் அளத்தல் வேண்டும். விரைவுக்கென வார்த்த அகன்ற அடி, தண்டு வலிப்பவனுக்கு எளிதில் இணங்காது. 1990க்குப் பின் போர்க்கால எரிபொருள் தடையிலே குடாநாட்டுக் கடற்றொழிலாளர் இதனை நன்கறிந்தனர். 2022 ஆகத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்றின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாய் ஏறியபோது மீண்டும் அறிந்தனர். கோல் ஊன்றிச் செல்லும் நீரேரி வள்ளத்துக்கு அவ்விலை ஒரு பொருட்டன்று. திறந்த கடலுக்குப் போக வேண்டியவர்க்கோ அன்றைய பிடிப்பு எண்ணெய்ச் செலவைத் தாங்குமா என்பதே கரையில் நிற்கும்போதே எழுந்த முதற் கணக்கு.