அயர்லாந்தில் உதிரும் சீமெந்துக் கற்களும் அரச மானியமும்

எம்மில் பலர் ஊரில் வீட்டை விட்டுவிட்டு வந்தவர்கள். வந்த நாட்டில் 25 வருட வங்கிக் கடனில் ஒரு வீட்டை வாங்கிய பிறகுதான் சற்று மூச்சு விடுகிறோம். அந்த வீட்டின் கல்லே பழுதென்றால் யார் பொறுப்பு? அயர்லாந்தில் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க ஏறக்குறைய பத்து வருடங்கள் எடுத்தன.

அங்கே டொனகல், மாயோ மாவட்டங்களில் 2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் கட்டிய ஆயிரக்கணக்கான வீடுகளில் முதலில் தெரிந்தவை சிலந்தி வலை போன்ற மெல்லிய கீறல்களே. பின்னர் விரல் நுழையும் அளவுக்குச் சுவர் வெடித்தது. கல்லைக் கையால் நசுக்கினால் மாவாக உதிர்ந்தது. குவாரியில் எடுத்த கல்லிலேயே பிழை இருந்தது. 2017இல் அரசின் நிபுணர் குழு டொனகலில் மைக்காவையும் (எமது காக்காய்ப்பொன்தான்) மாயோவில் பைரைற்றையும் காரணமாகச் சொன்னது. பின்னர் வந்த ஆய்வுகள் டொனகலிலும் பைரோடைற் எனும் இரும்புச் சல்பைட்டைச் சுட்டுகின்றன. இது வெறும் இரசாயனச் சண்டை அல்ல. சல்பைட்தான் காரணமென்றால் அத்திவாரமும் சந்தேகத்துக்குரியதே. திட்டத்திலோ அத்திவாரம் சேர்க்கப்படவில்லை என்பது வீட்டுக்காரரின் பெரிய முறைப்பாடு.

2020இல் வந்த முதல் திட்டம் செலவில் 90 சதவீதத்தை, அதிகபட்சம் 247,500 யூரோவரை தந்தது. பரிசோதனைக்கே முதலில் சொந்தக் கையால் ஆயிரக்கணக்கில் கட்டவேண்டும். ஏற்கனவே கடனில் இருப்பவர் மிச்சப் பத்து சதவீதத்துக்கு எங்கே போவார்? 2021 யூனிலும் ஒக்டோபரிலும் ஆயிரக்கணக்கானோர் டப்ளினுக்குச் சென்று ஊர்வலம் போனார்கள். அதன்பிறகே 2022இல் புதிய சட்டம் வந்தது. 2023இலிருந்து 100 சதவீதம், உச்சவரம்பு 420,000 யூரோ. கிளயர், லிமெரிக் மாவட்டங்களும் சேர்ந்தன. 2024இல் வரம்பு 462,000 ஆனது.

ஆனால் இந்த 100 சதவீதம் உங்கள் கட்டடக்காரரின் பில்லில் அல்ல. வீட்டின் பரப்பளவுக்கு அரசு வைத்த விலையில்தான் கணக்கு. மீறிய தொகை உங்கள் தலையில். விண்ணப்பம் உள்ளூராட்சி சபைக்குப் போகும். முழுவதையும் இடித்துக் கட்டுவதா, வெளிச்சுவரை மட்டும் மாற்றுவதா என்பதை வீட்டுக்காரர் தானாகத் தீர்மானிக்க முடியாது. அரசின் வீடமைப்பு முகவரகம் பொறியியலாளரைக் கொண்டு பரிசோதித்தே முடிவு செய்யும். வெளிச்சுவர் மட்டும் மாற்றிய வீட்டில் மிஞ்சிய கல் 40 வருடங்களுக்குள் பழுதானால் இரண்டாவது மானியம் உண்டு. போராடிப் பெற்றவற்றுள் இதுவே பெறுமதியானது என்பது எமது எண்ணம். விடுமுறை வீடுகளுக்கு எதுவும் இல்லை.

கியூபெக்கின் துறுவா-றிவியேர் பகுதியிலும், அமெரிக்காவின் கனெக்டிகட்டிலும் வீட்டு அத்திவாரங்களை உடைத்தது இதே பைரோடைற்றுத்தான். அந்தப் பக்கம் வீடு பார்க்கும் எம்மவர்கள், கையொப்பமிட முன் அத்திவாரக் கொங்கிரீட்டின் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள். கொங்கிரீட் எங்கிருந்து வந்தது என்ற பத்திரம் இருந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.