தடித்த பின்னின் வரலாறு

அடுக்களைப் பொருள்களில் போரின் வாரிசு என்று மைக்ரோவேவ் அடுப்பைச் சொல்லலாம். 1940இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டலும் பூட்டும் ராடாருக்காக ஆற்றல்மிக்க மாக்னெட்ரானை உருவாக்கினர். 1945இல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில், இயங்கிக்கொண்டிருந்த மாக்னெட்ரானின் அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையிலிருந்த இனிப்பு உருகியது. 1947இல் ஆளுயர அடுப்பு விற்பனைக்கு வந்தது. 1967இல் மேசைமேல் வைக்குமளவு அது சுருங்கியது.

ஆவடியும் இரண்டாம் உலகப்போரில் படைத்தளமாக இருந்த ஊர்தான். 1961இல் அங்கே கனரக வாகனத் தொழிற்சாலை அமைந்தது. அருகே அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. தொழிலாளர் குடும்பங்கள் பூந்தமல்லி வரை வீடு கட்டிக் குடியேறின. விளக்கு, விசிறி, வானொலி ஆகியவற்றை மனத்தில் வைத்தே அவ்வீடுகள் பலவற்றில் ஒயரிங் செய்யப்பட்டது. அடுக்களையில் பவர் பிளக் வைக்கும் வழக்கம் பிந்தியே வந்தது.

நம் சுவர்களில் உள்ள உருண்டைத் துளைகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவை 1934ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் தர அளவுகளின் வழிவந்தவை. 1947இல் பிரிட்டன் சதுரப் பின்னுக்கு மாறத் தொடங்கியது. நாம் பழையதையே வைத்துக்கொண்டோம். அன்றைய 5, 15 ஆம்பியர் வகைகளே இன்று 6, 16 ஆம்பியர் எனப்படுகின்றன. பெரிய பிளக்கின் தடித்த பின்கள் சிறிய துளைக்குள் நுழையா. எழுத்தறியாதவரையும் காக்கும்படி செய்த ஏற்பாடு அது.

800 வாட் வெப்பம் தரும் அடுப்பு மின்சாரமாக இழுப்பது 1200 வாட்டுக்கும் மேல். அதாவது 230 வோல்ட்டில் 5 ஆம்பியருக்கு அதிகம். கன்வெக்‌ஷன் வகை 2000 வாட்டைத் தாண்டுவதுண்டு; அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர். எனவேதான் இவ்வடுப்புகள் பெரும்பாலும் தடித்த பின்னுடன் வருகின்றன. நாமோ கடையில் ஒரு கன்வெர்ட்டர் வாங்கி, அதைச் சிறிய துளையில் செருகிவிடுகிறோம். மெல்லிய கம்பி சுவருக்குள் சூடேறுகிறது. ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது.

கதிர்வீச்சைப் பற்றிய அச்சம் நம்மிடையே மிகுதி. கதவைத் திறந்ததும் அலை நின்றுவிடும். கண்ணாடியிலுள்ள உலோக வலை, சுமார் 12 சென்டிமீட்டர் நீளமுள்ள அவ்வலையை வெளியே விடாது. கதவு நெளிந்தோ கீல் தளர்ந்தோ போனால்தான் பயன்படுத்தாமல் நிறுத்த வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே உள்ள கபாசிட்டர் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தத்தைத் தேக்கி வைத்திருக்கக்கூடும். ஆகவே வீட்டில் யாரும் மூடியைக் கழற்றலாகாது.

அடுப்பு வாங்குமுன் எலக்ட்ரீஷியனை அழைத்து, மெயின் போர்டிலிருந்து தனிச் செப்புக் கம்பி இழுத்து, 16 ஆம்பியர் பிளக் வைத்து, அதன் எர்த் உண்மையில் மண்ணைத் தொடுகிறதா என்று சோதிக்கச் சொல்ல வேண்டும். காற்றுத் துளைகள் அடைபடாதபடி கையேடு கூறும் இடைவெளி விட வேண்டும். வெறும் அடுப்பை ஓட்டலாகாது. எவர்சில்வர் பாத்திரமும் வேண்டாம். பின் நுழைய மறுத்தால் மாற்ற வேண்டியது சுவரைத்தான், பின்னை அன்று.